ஃபீஸ் எதற்கு, எதுவரை என்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வக்கீலின் சேவையில் குறை என்று சொல்லி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்புச் சொன்னது. கிரிமினல் வழக்கில் சிக்கி அலையும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. “கன்ஸ்யூமர் கோர்ட்டுல போட்டுரலாம்” என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது இனி நடக்காது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. வக்கீல், தன்னை அமர்த்திய கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர், கட்சிக்காரர் வெளிப்படையாகச் சொல்லாமல் எதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, அதனால்தான் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று நீதிபதிகள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். சரி, கட்டுப்பாடு நம் கையில்தான் என்றால் வழக்கில் என்ன நடக்கிறது என்றாவது நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை கோர்ட் வராண்டாக்களில் காத்து நிற்கும் பலருக்கு அது தெரிவதில்லை.

என் தங்கை மகன் மேல் ஒரு அடிதடி வழக்கு. கோவில் கொடைத் திருவிழா சமயத்தில் நடந்த தகராறு. வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். “முழு கேசுக்கும் சேர்த்துத்தான்” என்று ஒரு தொகையைச் சொன்னார். தங்கை நகையை அடகு வைத்துக் கொடுத்தாள். ஜாமீன் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஜாமீன்தாரர் செலவு என்று கேட்டார்கள், கொடுத்தோம். குற்றப்பத்திரிகை காப்பி எடுக்க என்று குமாஸ்தா வாங்கினார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்களிடம் அதை யார் சொன்னார்கள்? எந்தப் பணத்துக்கும் ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

சாட்சி விசாரணை தொடங்கியதும் வந்ததுதான் பெரிய அடி. முக்கியமான சாட்சி கூண்டில் ஏறிய அன்று எங்கள் வக்கீல் வரவில்லை. நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு ஜூனியர், வழக்குக் காகிதக் கட்டை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அரசு வக்கீல் கேட்டு முடித்ததும் அந்தப் பையன் பேப்பரைப் புரட்டினார், நீதிபதியைப் பார்த்தார், “குறுக்கு விசாரணை இல்லை” என்றார். சாட்சி இறங்கிப் போய்விட்டார். தங்கை என் கையைப் பிடித்து, “நல்லதுதானே அக்கா, நம்மள ஒண்ணும் கேக்கலையே” என்றாள். சாட்சி சொன்னதை மறுத்துக் கேள்வி கேட்க எங்கள் தரப்புக்கு இருந்த ஒரே வாய்ப்பு கைவிட்டுப் போனது அவளுக்குப் புரியவில்லை. விவரம் கேட்க ஆபீசுக்குப் போகும்போதெல்லாம், “சாரு கோர்ட்டுல நிக்காரு, நாளைக்கு வாங்கம்மா” என்பதுதான் பதில்.

வக்கீலை மாற்ற முடிவு செய்தபோது, பாக்கியைத் தந்தால்தான் கட்டைத் தருவோம் என்றார்கள். இங்கே பலர் இந்த இடத்தில்தான் பயந்து திரும்பிவிடுகிறார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் காகிதங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. புது வக்கீல் இதை எடுத்துச் சொன்ன பிறகே கட்டு வந்தது. அந்தச் சாட்சியை மறுபடி அழைக்க அவர் மனுப் போட வேண்டியதாயிற்று. அதற்கும் செலவு, அதற்கும் வாய்தா.

தோற்றுப் போனவர்களின் புலம்பல் இது என்று சில வக்கீல்கள் நினைக்கலாம். நான் பேசிப் பார்த்த குடும்பங்களில் தோற்றதற்காக வக்கீலைத் திட்டியவர்கள் குறைவு. சாட்சி இருக்கிறது, தண்டனை வந்தது என்றால் தலைவிதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். எதற்குப் பணம் போனது, ஏன் வாய்தா ஆனது, அடுத்து என்ன என்று யாரும் சொல்லாததுதான் மனதில் நிற்கிறது. காசே வாங்காமல் ஏழைகளுக்காக நிற்கும் வக்கீல்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். எங்கள் புது வக்கீல் ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் மறு தேதியையும் அன்று நடந்ததையும் வாட்ஸ்அப்பில் நாலு வரி தமிழில் அனுப்புகிறார். அவருக்கும் வேலைப்பளு இருக்கத்தான் செய்கிறது.

தேதி சொல்லாததால் வரும் கேடு கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வர முடியாதவருக்காக வக்கீல் அன்றைக்கு ஒரு மனுப் போட்டால் போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து எல்லாரும் 317 மனு என்று சொல்வதுதான், அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் அது பிரிவு 355. அதைப் போட மறந்தால் பிடிவாரண்ட் வந்துவிடும். கரை ஏறியவனைப் போலீஸ் தேடி வரும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும்.

ஜெயிலில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேருவதற்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். அந்த நாளை வக்கீல் தவறவிட்டால் பெற்ற தாய்க்கு எப்படித் தெரியும்?

புகார் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில், வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் அமைப்பான மாநில பார் கவுன்சிலுக்கு எழுதலாம். ஆனால் பார் கவுன்சில் இருப்பது சென்னையில். நாகர்கோவிலில் இருந்து ராத்திரி ரயில் ஏறி, கூலியை விட்டு, வக்கீலுக்கு எதிராக வக்கீல்கள் நடத்தும் விசாரணைக்கு ஒரு ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி எத்தனை தடவை போவார்? உயர் நீதிமன்றத்துக்கு 2004-லேயே மதுரையில் கிளை வந்துவிட்டது. தென் மாவட்டப் புகார்களைப் பார் கவுன்சில் மதுரையிலாவது வைத்து விசாரிக்கலாம்.

அதற்கு முன்னால், நம் மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள் இங்கேயே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டு: ஃபீஸ் எவ்வளவு, அது ஜாமீன் வரைக்குமா தீர்ப்பு வரைக்குமா, விசாரணைக்கு வரப்போவது சீனியரா ஜூனியரா, இதுவரை வாங்கிய தொகை என்ன. இது புதுச் சுமை ஒன்றும் இல்லை. கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்குத் தேதிவாரியாகக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் விதிகளிலேயே இருக்கிறது. “விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு” என்று பேரம் பேசுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் அரசுச் செலவில் வக்கீல் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்த உரிமை அது. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். என் தங்கை நகையை அடகு வைத்த அன்று அவளுடைய மகன் காவலில்தான் இருந்தான். இந்த எண்ணை அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. மாவட்டச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு முறையாவது ஒரு சின்னக் கட்டத்தில் இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை