ஹாவர்த்துக்குப் போய்வந்தபின் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை மறுநாள் தம்பியின் மூன்றாவது நினைவு நாள். நடந்தவை உனக்குத் தெரியும். அவற்றைத் திரும்ப எழுதப்போவதில்லை. உறவினர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால், அவனுடைய கடைசி வாரத்தைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இருக்காது. சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற ஊருக்குத் தனியாகப் போய்வந்தேன். போகும் வரையில் உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

லீட்ஸிலிருந்து கீத்லி வரை ரயில். அங்கிருந்து, 1867இல் திறக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டு, ஆர்வலர்களின் முயற்சியால் 1968இல் மீண்டும் உயிர்பெற்ற நீராவி ரயில் பாதை. ஹாவர்த்தின் கடைத்தெரு செங்குத்தாக ஏறுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனால் தேவாலயம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், அதன் மேல்புறத்தில் பாதிரியார் வீடு. வீட்டுக்குப் பின்னால் மூர் என்று இவர்கள் சொல்லும் மேட்டுவெளி தொடங்கிவிடுகிறது. மரமில்லை, காற்று ஓயவில்லை, காலடியில் கரிய ஈர மண். ஆகஸ்ட் மாதமானதால் ஹெதர் பூத்து மேடு முழுவதும் ஊதாவாகக் கிடந்தது. கையளவு செடிதான், கிள்ளிப் பார்த்தால் தண்டு கம்பிபோல் இருக்கிறது, பூ அரிசி மணியைவிடச் சிறியது.

1820இல் பாட்ரிக் ப்ரான்டே என்ற பாதிரியார் மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் குடிவந்த வீடு அது. அவர்களில் சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று பெண்களும் பின்னாளில் நாவல் எழுதிப் பேர் பெற்றவர்கள். அடுத்த ஆண்டே மனைவி இறந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவர். 1848 செப்டம்பரில் ஒரே மகன் ப்ரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன், 1855இல் சார்லட். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு 1861இல், தம் 84ஆவது வயதில், அவர் போனார். ஊரில் இறப்பவர்களில் 41.6 விழுக்காட்டினர் ஆறு வயதைத் தாண்டாதவர்கள் என்று 1850இல் அரசு ஆய்வாளர் பாபேஜ் எழுதிய அறிக்கை சொல்கிறது. அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று மனுமேல் மனுவாகப் போட்டவர்களில் முன்னின்றவர் இந்தத் தந்தைதான். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கடிகாரம் நிற்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும்போது அதற்குச் சாவி கொடுத்துவிட்டுப் போவாராம். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கும் நம் அப்பா நினைவுக்கு வந்தார். அந்தப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அந்தக் குடும்பம் முழுவதும் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது, ஆன் ஒருத்தியைத் தவிர. கடற்காற்று உதவும் என்று நம்பி அவளை ஸ்கார்பரோவுக்கு அழைத்துப் போனவள் அக்கா சார்லட். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே, உயிரோடு வீடு திரும்ப நேரமிருக்குமா என்று ஆன் மருத்துவரிடம் கேட்டாள். நேரமில்லை என்றார் அவர். 28ஆம் தேதி இறந்தாள், 30ஆம் தேதி அங்கேயே அடக்கம். ஒன்பது மாதத்துக்குள் மூன்றாவது சவ ஊர்வலத்தை அப்பா பார்க்க வேண்டாம் என்று சார்லட் தானாகவே தீர்மானித்தாள்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் அத்தனை பேர் முன்னிலையில், தம்பியை அங்கேயே தகனம் செய்யத் தீர்மானிக்க நீ யார், அப்பாவை ஒரு வார்த்தை கேட்டாயா என்றாய். கேட்கவில்லை. உடலைக் கையில் தருவதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. விமானத்தில் அனுப்ப இன்னும் எத்தனை நாள் என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த நிலையில் அவனை அப்பா பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். என்னாலும் அதற்குமேல் முடியவில்லை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். மன்னித்துக்கொள். ஆனால் அந்தப் பதினொரு நாளில் ஒரு நாளாவது, நீ சாப்பிட்டாயா என்று என்னை நீ கேட்டிருக்கலாம், அக்கா.

அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு மேசை இருக்கிறது. இரவானால் சகோதரிகள் மூவரும் பேசியபடி அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்களாம். கடைசியில் சார்லட் மட்டும் நடந்தாள். கேட்கிறவர்களுக்கு அது ஒரு தகவல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. தகனத்துக்கு முந்தின இரவு அப்பா தொலைபேசியில் பேசினார். உடலைப் பற்றியோ செலவைப் பற்றியோ கேட்கவில்லை. "என்ன சட்டை போட்டுவிட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். தீபாவளிக்கு நீங்கள் வாங்கி அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டைதான் அப்பா என்றேன். "அது அவனுக்குப் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அது பொய். பெட்டியை மூடிவிட்டார்கள், சட்டை எதுவும் கொடுங்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சட்டை என் அலமாரியில் இருக்கிறது. அவன் அதை ஒரு நாளும் போடவில்லை. கழுத்துப் பட்டையில் குத்திய குண்டூசிகள் அப்படியே இருக்கின்றன.

ஆனின் கல்லறைக் கல்லில் தவறுகள் இருந்தன. மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதுதான் சார்லட்டுக்கே அது தெரிந்தது. திருத்தச் சொன்னாள், அப்படியும் 29 வயதில் இறந்தவளை அந்தக் கல் 28 வயது என்றே சொல்கிறது.

தை பிறந்ததும் வருகிறேன். அஸ்தியில் நான் வைத்திருக்கும் பங்கை அப்பா கையாலேயே தாமிரபரணியில் கரைக்க வேண்டும். சட்டையையும் கொண்டுவருகிறேன், அப்பாவிடம் நானே சொல்வேன், அதுவரை நீ முந்திக்கொள்ளாதே. அன்றைக்கு நீ வந்து நிற்பதும் நிற்காததும் உன் விருப்பம். வந்தால் எனக்கு நல்லது.

உன் தங்கை