மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியே கணக்கைத் திறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘உங்கள் கணக்கு முடக்கப்படவுள்ளது’, ‘அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது’ என்று வரும் போலி மின்னஞ்சல்களைப் பற்றி நாளிதழ்கள் அவ்வப்போது எச்சரிப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், எழுத்துப்பிழையையும் கரடுமுரடான நடையையும் வைத்து அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இன்னமும் எழுதுவது வாசகர்களுக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும் என்று அஞ்சுகிறேன். செயற்கை நுண்ணறிவின் துணையால் பிழையே இல்லாத கடிதத்தை எவரும் நொடியில் எழுதிவிடலாம். நிறுவனத்தின் சின்னத்தையும் வண்ணங்களையும் நகலெடுப்பது அதைவிட எளிது.

பார்க்க வேண்டியது முகவரியை. அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் இட்டுக்கொள்ள முடியும். கைப்பேசியில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டுமே தெரிவதால், அதைத் தொட்டு முழு முகவரியையும் விரித்துப் பார்க்க வேண்டும். கணினியில் இணைப்பின் மீது மவுஸை வைத்தாலே, அழுத்தாமலே, அது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அதில் ‘டாட் காம்’ போன்ற முடிவுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும் பெயர்தான் தளம் யாருடையது என்பதைச் சொல்லும். அதற்கும் முன்னால் கூகுள் என்றோ மைக்ரோசாஃப்ட் என்றோ இருந்தால், அது யாரும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒட்டு மட்டுமே. ஆர், என் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் சிறிய திரையில் எம் போலவே தோன்றும். சில உலாவிகளில் தள முகவரிக்கு அருகே தெரியும் பூட்டுச் சின்னமோ, தகவல் வழியில் மறைக்கப்பட்டுச் செல்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அல்ல.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடப் பதற்றத்தில் சறுக்குகிறார்கள். 2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, அவரது கடவுச்சொல் பிறர் கையில் சிக்கிவிட்டதாகக் கூகுளின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் பார்த்த குழுவின் கணினிப் பணியாளர் உண்மையானது என்று பதில் எழுதினாலும், கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கூகுளின் சரியான முகவரியையும் அதிலேயே கொடுத்திருந்தார். ஆயினும் அழுத்தப்பட்டது போலி மின்னஞ்சலில் இருந்த இணைப்புதான். அக்டோபரில் பொடெஸ்டாவின் அஞ்சல்களை, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிடத் தொடங்கியது.

ஆகவே, வந்தது உண்மையா போலியா என்று ஆராய்ந்து முடிவெடுப்பதைக் காட்டிலும், எந்த மின்னஞ்சலின் இணைப்பு வழியாகவும் கணக்கைத் திறக்காமல், செயலியிலோ நாமே தட்டச்சு செய்த முகவரியிலோ நுழைந்து பார்ப்பதே பாதுகாப்பு என்று கருதுகிறேன். உண்மையான சிக்கல் என்றால் பெரும்பாலும் அங்கேயே அறிவிப்பு இருக்கும். ஓடிபி இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் போதாது; போலித் தளத்தில் இடும் எண்ணை, அது காலாவதியாவதற்குள் உண்மையான தளத்தில் செலுத்திவிடுகிறார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக, நம் சாதனத்தின் கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டைக் கொண்டு உள்நுழைய உதவும் பாஸ்கீ, தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது.

ஏமாந்த பின் செய்ய வேண்டியதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். அதையே வேறு கணக்குகளிலும் பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது மின்னஞ்சல் அமைப்புகளை. நமக்கு வரும் அஞ்சல்கள் தம் முகவரிக்குத் தானாகப் போகும்படி திருடர்கள் செய்துவைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த ஏற்பாடு நீடிக்கலாம். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்பதற்கான கைப்பேசி எண்ணாகத் தங்கள் எண்ணைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் வந்து சேர்வது மின்னஞ்சலுக்குத்தான் என்பதால், இதில் தாமதம் கூடாது. அலுவலகக் கணக்கென்றால், திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பவரைக் கண்டிக்காமல் இருப்பது மேலதிகாரிகளின் கடமை.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இங்கே அழுத்தி உள்நுழையுங்கள்’ என்று அவர்களே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும் வரை, எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள் என்ற அறிவுரை வாடிக்கையாளர்களிடம் எடுபடாது. அவ்வழக்கத்தை அவர்கள் கைவிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்