விடை 374 அல்ல, 375

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணிதப் பகுதியில், அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் கணிதப் போட்டித் தேர்வான ஏ.ஐ.எம்.இ.யில் 2008இல் வந்த நெடுஞ்சாலைக் கணக்கை வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் விடை 374 என்று அச்சாகியிருப்பது தவறு.

கணக்கு இதுதான். ஒற்றைத் தடச் சாலையில் கார்கள் எல்லாம் ஒரே வேகத்தில் செல்கின்றன. ஒவ்வொன்றும் 4 மீட்டர் நீளம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகமோ, அதில் ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் (மிச்சம் இருந்தால் அதற்கும்) முன்னால் செல்லும் காரிலிருந்து ஒரு கார் நீளம் இடைவெளி விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தை அதிகபட்சம் எத்தனை கார்கள் கடக்கும்? அந்த எண்ணை 10ஆல் வகுத்தால் ஈவு என்ன?

60 கிலோமீட்டர் வேகத்தில் காரும் இடைவெளியுமாக 20 மீட்டர். மணிக்கு 3000 கார்கள். வேகத்தை 1500 ஆக்கினால் சுமார் 3713. எவ்வளவு கூட்டினாலும் இந்த வீதம் 3750ஐ நெருங்குமே தவிரத் தொடாது. இதுவரை உங்கள் தீர்வு சரி. "ஆகவே 3749" என்று முடித்த இடத்தில்தான் பிசகு.

அந்த வீதம் ஒவ்வொரு காருக்கும் ஓர் இடைவெளியைச் சேர்த்தே எண்ணுகிறது. வேலிக்கு ஐந்து கம்பம் நட்டால் நடுவே இருப்பவை நான்கு இடைவெளிகள்தானே! 3750 கார்களுக்கு நடுவே 3749 இடைவெளிகள்தான். வேகம் 15இன் 3750 மடங்கு, அதாவது மணிக்கு 56,250 கிலோமீட்டர் என்று வையுங்கள். பூமியின் ஈர்ப்பை விட்டே விலகிவிடும் வேகம் இது. ஆனால் எந்த வேகத்திலும் செல்லலாம் என்று கணக்கே அனுமதிக்கிறது. அப்போது ஓர் இடைவெளி 3750 கார் நீளம். கார்களையும் இடைவெளிகளையும் கூட்டினால் மொத்தம் 3750 × 3750 கார் நீளம். 4 மீட்டரால் பெருக்கினால் மிகச் சரியாக 56,250 கிலோமீட்டர்! மணி தொடங்கும்போது முதல் காரின் முகப்பு அந்த இடத்தில் இருந்தால், மணி முடியும் கணத்தில் 3750ஆவது காரின் பின்பக்கம் கடந்து முடிக்கும். ஈவு 375. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த அழகைத்தான் உங்கள் தீர்வு மாணவர்களுக்குக் காட்டாமல் விட்டுவிட்டது.

ஏ.ஐ.எம்.இ. தேர்வில் மூன்று மணி நேரத்தில் 15 கணக்குகள். விடை மட்டுமே திருத்தப்படும், வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது. ஒன்று குறைந்தாலும் பூஜ்யம்தான். உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் மாணவர்களை நான் அறிவேன். எனவே அடுத்த இதழில், விடையை மட்டும் மாற்றிப் போடாமல், இடைவெளிகளை எண்ணும் படியையும் சேர்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்