பெயரை மட்டும் மறைத்தால் போதுமா? சேலத்துச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் செய்திச் சேனல்களிலும் வேலை பார்க்கும் செய்தியாளர்களுக்கும், அந்தச் செய்திகளுக்குத் தலைப்பு போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். சேர்வராயன் மலையில் பல வருடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் ஓரிருவர் என்னிடம் படித்தவர்களாகவும் இருக்கலாம். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களைப் பற்றி நீங்கள் செய்தி போடும் விதம் குறித்து, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். எந்த வருடம், எந்த ஊர், எத்தனையாம் வகுப்பு என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு நடந்த கொடுமை தெரிந்ததும் வீட்டில் புகார் கொடுத்தார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, காலை முதல் பஸ்ஸில் கீழேயிருந்து வந்த பேப்பரில் செய்தி இருந்தது. பெயர் இல்லை, 'சிறுமி' என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் ஊர் இருந்தது, வகுப்பு இருந்தது, அப்பாவின் வேலை இருந்தது, அம்மா எந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள் என்பதுகூட இருந்தது. நாற்பது வீடுகள் இருக்கும் ஊர் அது. டீக்கடையில் ஒருவர் சத்தம் போட்டு வாசித்து முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்தவர் வீட்டைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். "அங்க உக்கார வேணாம்னு அம்மா சொல்லுச்சு டீச்சர்."

அதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. சில வாரம் கழித்து அவள் அம்மா கடையில் பொட்டுக்கடலை வாங்கி வந்திருக்கிறார். பொட்டலம் கட்டிய காகிதம் அதே செய்தி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, மகளுக்குத் தெரியும். தன்னை மிரட்டி நாசம் செய்தவன் தன்னோடு 'உல்லாசமாக இருந்தான்' என்று அச்சில் எழுதியிருப்பதை அந்தப் பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983-இலேயே இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறெந்தத் தகவலும் கூடாது. மீறினால் நிருபரோடு பத்திரிகை உரிமையாளரும் பொறுப்பு. மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக்கூடாது, இறந்துபோனவருக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. வயது வந்த ஒரு பெண் தானே எழுத்துமூலம் சம்மதம் கொடுத்துத் தன் பெயரில் பேச வந்தால், அது அவளுடைய முடிவு. அந்த முடிவை அவளுக்காக நீங்கள் எடுக்க முடியாது.

போலீசே கொடுத்த தகவல்தானே என்பீர்கள். பல பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளான பொள்ளாச்சி வழக்கில், 2019-இல் மாவட்டக் காவல்துறை அதிகாரியே புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஐந்து வருடம் கழித்து 2024 டிசம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அதற்கும் 25 லட்சம். அதிகாரி தவறினால் நீங்களும் தவற வேண்டுமா? வாட்ஸ்அப் குரூப்பில் காவல் நிலையத்திலிருந்து வரும் குறிப்பை அப்படியே தட்டச்சு செய்வதற்கு நிருபர் எதற்கு?

"குற்றம் சாட்டப்பட்டவர் பெயரும் போட்டோவும் வருகிறது, புகார் கொடுத்தவர் பெயர் மட்டும் ஏன் கூடாது, இது நியாயமா?" என்று என்னிடமே ஒரு நிருபர் தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வியின் பாதி அதில் இருக்கிறது. கைதான அன்றே ஒருவரை 'காமக் கொடூரன்' என்று எழுதுவது தவறுதான். தீர்ப்பு வரும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. முதல் பக்கத்தில் கைதைப் போட்டுவிட்டு, விடுதலையானால் உள்பக்க மூலையில் நான்கு வரி போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அதைச் சரி செய்யுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அவருக்கு நடக்கும் அநியாயத்தை அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு ஈடுகட்ட முடியாது. அவள் பெயரைப் பார்த்துப் பயந்து, அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருத்தி வாய் திறக்காமல் போவாள். பொள்ளாச்சியில் அத்தனை பெண்கள் மூடிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்லித்தான் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவர் அப்பாவோ சித்தப்பாவோ என்றால் அவர் பெயரே பிள்ளையின் பெயர்தான். உறவைப் போட்டால் பெயரைப் போடாதீர்கள், பெயரைப் போட்டால் உறவை விட்டுவிடுங்கள்.

செய்தியை அனுப்பும் முன் அவள் தெருக்காரர் ஒருவராக நினைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'ஏற்காடு அருகே ஒரு கிராமம்' என்பதே போதும். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர் மகள், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்காரர் மகள் என்று எழுதி என்ன ஆகப்போகிறது? பொட்டலக் காகிதமாவது மழையில் கரைந்துவிடும். நீங்கள் ஏற்றும் வீடியோ அவள் கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கேயே கிடக்கும்.

அஸ்தம்பட்டி நீதிமன்ற வாசலில் கேமராவோடு நிற்கும் தம்பிகளுக்கு: பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிவிடுகிறீர்கள், சரி. பின்னால் நடந்து வரும் அம்மாவை எடுக்காதீர்கள். அவரிடம் வெளியே கட்டிக்கொள்ள ஒரே ஒரு நல்ல சேலைதான் இருக்கிறது. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.