எருசலேமுக்கு மாணவர்களை அனுப்பும் இறையியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் மேற்படிப்புக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கிறிஸ்தவ - யூத உரையாடலை வளர்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் இறையியல் மாணவர்களை எருசலேமுக்கு அனுப்புகிறீர்கள். உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பத்துப் பேரைப் பத்து நாள் பயணத்துக்கு அனுப்பாமல், ஒருவரை ஒரு முழுக் கல்வியாண்டுக்கு அனுப்புங்கள். பத்து நாளில் கலிலேயாக் கடலையும் ஒலிவமலையையும் பார்த்துவிடலாம். ஒரு யூத ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்க அது போதாது.

முழு ஆண்டுப் படிப்புக்கு ஜெர்மனியில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ‘ஷ்டூடியும் இன் இஸ்ராயேல்’ என்ற திட்டம் 1978 முதல் இறையியல் மாணவர்களை எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வருகிறது. அந்த மாணவர்கள் யூத மாணவர்களோடு அதே வகுப்பில், எபிரேயத்திலேயே யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதும், விவிலிய விளக்க நூல்களான மித்ராஷும் படிக்கிறார்கள். சீயோன் மலையில் பெனடிக்ட் துறவிகளின் மடத்தில் 1973 முதல் நடக்கும் ஓராண்டுப் படிப்பும் சிறந்ததுதான். ஆனால் அதன் பயிற்றுமொழி ஜெர்மன். நீங்கள் தேடுவது யூதர்களோடு பேசுவதற்கான பயிற்சி என்றால் முதல் வழியைப் பாருங்கள்.

பெரும்பாலும் முதலில் உடைவது மொழியில்தான். கல்லூரியில் விவிலிய எபிரேயத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரும் எருசலேம் வகுப்பறையில் திணறிப்போவார். ஆதியாகமத்தில் அவர் படித்த ‘வய்யோமெர்’ (சொன்னார்) போன்ற வினைவடிவம் இன்றைய பேச்சில் கிடையாது. விவிலியத்தில் பெயரெச்சம் போலவும் பெயர் போலவும் நின்ற வடிவம் இன்று நிகழ்காலமாகிவிட்டது. எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் நெருப்பின் நடுவே ஒளிர்ந்த ‘ஹஷ்மல்’ இன்று வெறும் மின்சாரம். எல்லாவற்றையும் விட, அச்சில் உயிர்க்குறிகள் இருக்காது. புள்ளியும் கோடும் பார்த்துப் பழகிய கண் முதல் மாதம் தடுமாறும்.

அதனால் புறப்படுவதற்குக் குறைந்தது எட்டு மாதம் முன்பே பேச்சு எபிரேயம் தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் குறியில்லாத உரையை வாய்விட்டு வாசிக்கட்டும். அங்கே போனதும் கோடைக்கால ‘உல்பான்’ மொழி வகுப்பு கட்டாயம். அது எபிரேய எழுத்து வரிசையில் அலெஃப் முதல் வாவ் வரை ஆறு படிகளாகச் செல்லும். அடிப்படிகளில் நிற்பவருக்கு எபிரேய வகுப்பு எட்டாக்கனி. ஆங்கிலப் பாடங்களிலேயே ஆண்டு கழிந்துவிடும். கல்வியாண்டு கூடாரப் பண்டிகை முடிந்த பிறகுதான் தொடங்கும். அக்டோபரில் நேரே போய் இறங்குகிறவர் உல்பானைத் தவறவிட்டவர்.

அடுத்தது தல்மூத். ஏறக்குறைய எந்தப் பகுதியை எடுத்தாலும் அது இரண்டாம் தாளில்தான் தொடங்கும். முதல் தாள் என்று ஒன்று இல்லை. நடுவில் மூலச் சட்டத் தொகுப்பான மிஷ்னா எபிரேயத்தில், அதன்மீதான விவாதமாகத் தொடரும் கெமாரா பெரும்பாலும் அரமாயிக்கில். மடிப்புப் பக்கம் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, வெளிப்பக்கம் அவருக்குப் பின் வந்தோரின் ‘தோசஃபோத்’ குறிப்புகள். ராஷி உரைக்குத் தனி எழுத்துருவே உண்டு. அதை வாரம் ஒன்று ஒதுக்கி ஊரிலேயே கற்றுவிடலாம். இதைத் தனியாகப் படிக்கக் கூடாது. இருவர் இருவராக உட்கார்ந்து உரக்கப் படித்து, மறுத்து, மறுபடி படிப்பதுதான் ‘ஹவ்ருத்தா’ முறை. ஆசிரியர் சொல்வதைக் குறிப்பெடுத்தே பழகிய நம் மாணவர்களுக்கு எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே கேள்வி கேட்பதுதான் மரியாதை என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

தொடக்கத்துக்கு ‘பெராகோத்’ பகுதியைப் பரிந்துரைக்கிறோம். மாலையில் எந்த நேரம் முதல் ‘ஷெமா’ சொல்லலாம் என்பதே அதன் முதல் கேள்வி. ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் அதே ஷெமாவைத்தான் மாற்கு 12இல் இயேசு பிரதான கட்டளையாகச் சொல்கிறார். பரிசேயரின் வழியில் வந்த ரபிகளின் இந்த ஒரு பக்கத்தைப் பொறுமையாக வாசித்த மாணவர், ‘பரிசேயத்தனம்’ என்ற சொல்லைப் பிரசங்கத்தில் வசையாக எறிவதற்கு முன் ஒருமுறை நின்று யோசிப்பார்.

நம் மொழிபெயர்ப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ‘தோரா’வை நாம் நியாயப்பிரமாணம் என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீதிமன்றமும் தண்டனையும்தான் நினைவுக்கு வரும். தோரா என்றால் முதன்மையாகப் போதனை, வழிகாட்டல். கூடாரப் பண்டிகையின் முடிவில் தோராச் சுருளை அணைத்துக்கொண்டு யூதர்கள் ஆடுவதை மாணவர் பார்ப்பார். நியாயப்பிரமாணத்தைப் பாரமாக மட்டுமே கற்றவருக்கு அந்த ஆட்டம் விளங்காது.

விசா விஷயத்தில் ஏமாறாதீர்கள். மாணவர் விசா ஏ-2 வகை. அதில் வேலை செய்து சம்பாதிக்க முடியாது. ஆகவே முழுச் செலவும் முன்பே கையில் இருக்க வேண்டும். திட்டமிடும்போது உல்பான் கட்டணமும் மருத்துவக் காப்பீடும்தான் அடிக்கடி விட்டுப்போகின்றன. வெள்ளி பிற்பகல் முதல் சனி இருட்டும் வரை மேற்கு எருசலேமில் பேருந்து ஓடாது, பெரும்பாலான கடைகள் திறக்காது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போகிறவர் அங்கே படம் எடுக்கவோ குறிப்பெழுதவோ கூடாது. கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஆண்கள் தலையை மூட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். உரையாடலை மதமாற்றத்துக்கான பாதையாக நினைப்பவரை அனுப்பாதீர்கள். பொருளோ பணமோ தந்து மதம் மாறத் தூண்டுவது இஸ்ரேலில் 1977இல் இயற்றிய சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த நோக்கம் தெரிந்த நாளிலேயே ஹவ்ருத்தாத் தோழர் விலகிவிடுவார். நூற்றாண்டுகளாகக் கட்டாய ஞானஸ்நானத்தை அனுபவித்த மக்கள் அவர்கள்.

பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களைச் சந்திக்காமலும் திரும்பக் கூடாது. எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையில் உள்ள தந்தூர் என்ற கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு நிலையம் அதற்கு ஏற்ற இடம். யூதர்களோடு உண்மையாகப் பேசுவது பெத்லகேம் சபையின் துயரத்துக்குக் காதை மூடிக்கொள்வதாக ஆகிவிடக் கூடாது. இரண்டையும் சுமப்பது கடினம். அந்தக் கடினத்தைத் தாங்கும் முதிர்ச்சி உள்ளவரையே தேர்ந்தெடுங்கள்.

போர்ச்சூழலில் பயணம் முடியாத ஆண்டுகளில் 1979இல் தொடங்கிய ஹைடல்பர்க் யூதவியல் உயர்கல்லூரி, ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்திலுள்ள கர்தினால் பேயா மையம், கேம்பிரிட்ஜின் உல்ஃப் நிறுவனம் ஆகியவற்றை விசாரியுங்கள்.

கடைசியாக, திரும்பி வந்தவரை அலுவலக வேலையில் முடக்காதீர்கள். லெந்து காலத்தில், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் பேசப்போகும் போதகர்களுக்கு அவரைக் கொண்டு ஒரு நாள் வகுப்பு நடத்துங்கள். யோவான் 18, 19ஐ வரிவரியாக எடுத்து, ‘யூதர்’ என்று வரும் இடங்களில் பேசப்படுவது ஆசாரியத் தலைவர்களா, கூட்டமா, யூதேயா நாட்டாரா என்று பிரித்துக் காட்டட்டும். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மீதும் இன்றைய யூதர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த வகுப்புக்கான தேதியையும், மாணவரை அனுப்பும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
எபிரேயமும் யூத நூல்களும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்