அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்: இயற்பியல் பாடநூல் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேல்நிலை இயற்பியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். மின்கலத்தில் ஆற்றலை ஏற்றிக்கொள்ளும் எலக்ட்ரான்கள் அதைக் கம்பிக்குள் சுமந்து சென்று விளக்கில் இறக்கிவைக்கின்றன என்று பொருள்படும் வரி எந்தப் பாடத்தில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதத் தேர்வில் என் மகள், ஆற்றல் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம், காந்தப்புலம் வழியாகச் செல்கிறது என்று எழுதினாள். இரண்டு மதிப்பெண் வினா, கிடைத்தது சுழியம். அவளுடைய ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். "எழுதியது தவறு என்று நான் சொல்லவில்லை, விடைக்குறிப்பில் அப்படி இல்லை" என்றார், என் முகத்தைப் பாராமல். ஆனால் மதிப்பெண் இழந்த விடைகளைப் பத்து முறை எழுதிவர வேண்டும் என்பது வகுப்பின் விதி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, எலக்ட்ரான்கள் சுமக்கின்றன, எலக்ட்ரான்கள் சுமக்கின்றன என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது முறையில் பேனாவை வைத்துவிட்டு, "அப்பா, அப்படியானால் நீங்கள் கட்டுகிற டிரான்ஸ்பார்மரில் எலக்ட்ரான் எப்படித் தாண்டும்?" என்று கேட்டாள். பதில் சொன்னால் மீதி மூன்று முறையை எப்படி எழுதுவாள் என்று எண்ணி நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இருபது ஆண்டுகளாக மின்மாற்றிகளுக்குச் சுருள் கட்டிப் பிழைப்பவன் நான். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் தெருமுனை மின்மாற்றியில் உயர் அழுத்தச் சுருளுக்கும் தாழ் அழுத்தச் சுருளுக்கும் நடுவே இருப்பவை காப்புத்தாளும் எண்ணெயும்தான். வேலை முடிந்ததும் மெக்கர் எனும் மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பார்ப்போம். இரு சுருள்களுக்கும் மின்தொடர்பு இருப்பது தெரிந்தால் அந்த மின்மாற்றி பட்டறையை விட்டு வெளியே போகாது. எலக்ட்ரான் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குக் கூலி தருகிறார்கள். ஆயினும் தெரு முழுவதற்குமான ஆற்றல் அந்த இடைவெளியைக் கடந்துதான் வருகிறது. உங்கள் வரி உண்மையானால் நான் இதுவரை கட்டிக்கொடுத்த மின்மாற்றிகளில் ஒன்றுகூட வேலை செய்யக் கூடாது.

மின்னோட்டத்தின்போது எலக்ட்ரான்கள் கம்பிக்குள் சராசரியாக நகரும் வேகமான இழுப்புத் திசைவேகத்துக்கான சூத்திரமும் உங்கள் நூலிலேயே இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். சுமை அதன் தலையில்தான் இருக்கிறது என்றால், மாலை 6 மணிக்குப் போட்ட விளக்கு, 5 மீட்டர் கம்பிக்கு அப்பால், மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் எரிய வேண்டும். கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன, குழாய் நீரைப் போல ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பீர்கள். மின்னோட்டத்துக்கு அந்த உவமை ஓரளவு பொருந்தும். ஆனால் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில், இதே அளவு ஓடும்போது, எலக்ட்ரான் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அது மின்நிலையத்திலிருந்து எதைச் சுமந்து வரும்?

1884-இலேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ஜான் ஹென்றி பாயிண்டிங் இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். கம்பியின் மேற்பரப்பில் சேரும் மின்னூட்டங்கள் வெளியே மின்புலத்தை உண்டாக்குகின்றன. ஓடும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஆற்றலோ இவ்விரண்டுக்கும் செங்குத்தான திசையில், மின்கலத்தின் பக்கங்களிலிருந்து வெளிப்பட்டு, கம்பியை ஒட்டிய வெளியில் சென்று, விளக்கின் இழைக்குள் நாலாபுறமிருந்தும் நுழைகிறது. இழையின் பரப்பெங்கும் அப்படி நுழைவதைக் கூட்டினால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கிக் கிடைக்கும் அதே திறன் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அரைப் பக்கத்தில் போடக்கூடிய கணக்கு இது. கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றலுக்கு வழிகாட்டுவது கம்பிதான்; வழிகாட்ட வந்ததன் தலையிலேயே மூட்டையையும் ஏற்றிவிட்டீர்கள்.

பின்னால் வரும் மின்காந்த அலைகள் பாடத்தில், சூரியனின் ஆற்றல் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில பாடங்கள் தள்ளிப் போனால் இயற்கையும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் போலும். பதிப்புக்குப் பதிப்பு அட்டைப்படம் மாறுகிறது, முன்னுரை மாறுகிறது, இந்த வரிக்கு மட்டும் ஆயுள் கெட்டி. கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

அந்த வரியைத் திருத்துங்கள். புதிய பதிப்பு வரும்வரை, ஆற்றல் புலங்களின் வழியே செல்கிறது என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் வழங்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அதற்குள் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
மின்மாற்றிப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்