தடுத்துவிட்டு அடிப்பதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீனத் தற்காப்புக் கலைகள் பற்றிய கட்டுரையில் பாதி இடத்தைப் போதிதர்மரே எடுத்துக்கொண்டுவிட்டார். அவரைச் சீனாவின் ஷாவோலின் மடத்துப் பயிற்சிகளோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. அந்த வழக்கு அப்படியே கிடக்கட்டும். என் குறை வேறு. முகத்தை நோக்கி ஒரு குத்து வந்தால் என்ன செய்வது என்பதற்குக் கட்டுரையாளர் சொன்ன பதில் ஒரே வரி: முதலில் தடுத்து, பிறகு திருப்பி அடிப்பார்கள். தென்சீனக் கலைகள் பல, செய்யக்கூடாது என்று சொல்லித்தரும் முறையே அதுதான்.

ஃபோஷானைச் சேர்ந்த இப் மான் 1950களில் ஹாங்காங்கில் கற்பித்த, இளவயதில் புரூஸ் லீயும் பயின்ற விங் சுன் என்ற கலையையே எடுத்துக்கொள்வோம். அதில் 'தான் சாவ்' என்றொரு கை உண்டு. உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். முழங்கை வெளியே விரியாமல் மார்பின் நடுவை நோக்கி ஒடுங்கி நிற்க, முன்கை சாய்வாக முன்னே நீளும். வருகிற குத்து அதன்மீது பட்டு வெளிப்புறமாக வழுக்கிப் போகும். குத்தின் விசையோடு மல்லுக்கு நிற்பதே இல்லை. அது வழுக்கும் அதே நொடியில் மற்றக் கை எதிராளியின் முகத்துக்குப் போயிருக்க வேண்டும். தடுத்து முடித்த பிறகு அடிக்கலாம் என்று காத்திருந்தால், அவனுடைய இரண்டாவது கை வந்து சேர்ந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

இதற்கான பயிற்சி 'சி சாவ்'. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே, எதிராளியின் அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே விடுகிறது என்பதைத் தோலால் அறியப் பழகுவார்கள். ஒரு முழ தூரத்தில் கிளம்பும் குத்தைக் கண்ணால் பார்த்துத் தடுக்க நேரம் போதாது என்பதே காரணம். மெல்ல அசையும் சீனக் கலையான தை சியில் உள்ள கை தள்ளும் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான்.

எல்லாம் சரி. ஆனால் குத்துச்சண்டை தெரிந்தவர் நமக்காகக் கையை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாரா? அவருடைய குத்து வந்த வேகத்திலேயே திரும்பிவிடும். தொட்டு உணர அங்கே கையே இருக்காது. கட்டுரை வாய் திறக்காத இடம் இது. 2017இல் செங்டுவில் தை சி ஆசிரியர் வெய் லெய், கலப்புச் சண்டை வீரர் சு சியாவ்தோங்கின் முன் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. 1954இல் ஹாங்காங்குக்கு அருகிலுள்ள மக்காவ் நகரில் தை சி ஆசிரியர் வூ கொங்யீயும் வெள்ளைக் கொக்கு என்ற தற்காப்புக் கலை மரபைச் சேர்ந்த சான் ஹாக்ஃபூவும் மோதிய படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. பாருங்கள்: வழுக்கலும் இல்லை, உருட்டலும் இல்லை, தெருச் சண்டையைப் போலக் கை வீசல்தான். இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை என்று நடுவர்கள் அறிவித்துவிட்டார்கள்!

அதற்காகக் கலையே பொய் என்று நான் சொல்லவில்லை. 1979 முதல் சீனாவில் போட்டியாக வளர்க்கப்பட்ட சாண்டா என்ற சண்டை முறையைப் பார்த்தால் புரியும். சண்டை உத்திகளை உதை, அடி, வீழ்த்தல், பிடி என்று நான்காகப் பிரிப்பது சீன மரபு. சாண்டா அதில் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு, கையுறை மாட்டி, மேடையில் ஏற்றிச் சோதித்தது. விலாவுக்கு வரும் உதையைச் சற்று உள்ளே நகர்ந்து வாங்கி, காலை அக்குளில் இடுக்கி, ஊன்றி நிற்கும் மறுகாலைத் தட்டிவிடுவார்கள். அடித்தவனே விழுவான். தாக்குதலோடு மோதாமல் அதையே பயன்படுத்திக்கொள்வது என்ற அதே கோட்பாடுதான். உண்மையாகவே அடிக்க வருபவனிடம் செய்து பழகியது என்பதே வேறுபாடு.

எங்கள் ஊர்ப் பயிற்சிக்கூடம் ஒன்றில் என் அண்ணன் மகள் மூன்று நிறப் பட்டைகள் வாங்கிவிட்டாள். எதிரே நின்று ஒருவரும் அவளை நோக்கி ஒரு குத்து விட்டதில்லை. வரிசையாக நின்று காற்றில் கை வீசுகிறார்கள். கட்டணம் மட்டும் தற்காப்புப் பயிற்சிக்கு. உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் ஒருவன் கை ஓங்கினால் இது காக்கும் என்று அந்தப் பிள்ளைகளை நம்பவைப்பது எனக்குக் கோபம் தருகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் சாண்டாவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் பயிற்சிக்கூடத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டால் நல்லது. போதிதர்மருக்கு இம்முறை விடுப்பு கொடுத்துவிடலாம்.

தங்கள் வாசகர்,
ஈரோடு